தாத்தா நிற்கும் இந்தக் கரி இன்ஜின் எது? (பழைய குடும்பப் படங்களில் உள்ள நீராவி இன்ஜின்களை அடையாளம் காணும் இழை)

பொன்மலைப் பேத்தி

எல்லாருக்கும் வணக்கம். இணைத்திருக்கும் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் எனக்கு விவரம் தெரிந்த நாளாக மாட்டியிருக்கிறது. நடுவில் தோளில் துண்டோடு நிற்பவர் என் தாத்தா. 1943-ல் கிளீனராகச் சேர்ந்து 1979-ல் மெயில் டிரைவராக ஓய்வு பெற்றவர். தாத்தாவும் இல்லை, பாட்டியும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள பெரியப்பாவும் அத்தையும்தான் இருக்கிறார்கள்.

பெரியப்பா சொல்வது: "இது போட் மெயில் இன்ஜின். வெள்ளைக்காரன் காலத்துப் படம்." போட் மெயில் என்பது இலங்கைக் கப்பலைப் பிடிக்கப் போகிறவர்களுக்காக தனுஷ்கோடி வரை ஓடிய வண்டி. பாட்டியும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பார். படம் மங்கிவிட்டதால் ஒரு மொபைல் ஆப்பில் போட்டுத் தெளிவாக்கினேன். அதில் முன்பக்கம் "ஒய்பி 2418" என்று நன்றாகவே படிக்க முடிகிறது. பழைய படம், ஆப்பில் வந்த படம் இரண்டையும் போட்டிருக்கிறேன். இந்த இன்ஜினைப் பற்றி யாருக்காவது தெரியுமா? தாத்தா அதை ஓட்டினாரா என்று தெரிந்துகொள்ள ஆசை.

மீட்டர்கேஜ் மதுரை

ஒய்பி என்பது மீட்டர்கேஜ் (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர்) பயணிகள் இன்ஜின் வகை. அதன் வரிசை எண்கள் 2000-ல் தொடங்கி 2870 வரை போகின்றன, அதனால் 2418 என்று ஒரு இன்ஜின் இருந்திருக்கும். ஆனால் ஒய்பி 1949-ல்தான் முதன்முதலில் வந்தது. அமெரிக்காவின் பால்ட்வின் ஆலை 20 இன்ஜின் செய்து அனுப்பியது, அதற்கு முன் ஒய்பி என்று ஒன்றே கிடையாது. ஆப் காட்டுகிற எண் சரி என்றால் பெரியப்பா சொல்லும் காலம் சரியில்லை. காலம் சரி என்றால் எண் சரியில்லை. இரண்டும் ஒரே படத்தில் நிற்காது.

நெகடிவ் பெட்டி

பேத்தி, அந்த ஆப் படத்தைத் தயவுசெய்து ஒதுக்கி வையுங்கள். நான் பழைய படங்களைச் சீர்செய்து கொடுக்கும் வேலையில் இருப்பவன், இதை வலியுறுத்திச் சொல்கிறேன். அந்த ஆப் மங்கலான இடத்தில் என்ன இருந்தது என்று கண்டுபிடிப்பதில்லை. அந்த மாதிரி இடத்தில் வழக்கமாக என்ன இருக்குமோ அதைத் தானே வரைந்து வைக்கிறது. முகத்துக்கு அப்படிச் செய்தால் நமக்கே தெரிந்துவிடும், தாத்தா மாதிரி இல்லையே என்போம். எண்ணுக்குச் செய்தால் யாருக்கும் தெரியாது.

நீங்கள் போட்ட பழைய படத்தில் அதே இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பஃபர் பீமின் (எண் எழுதும் முன்பக்கக் குறுக்குச் சட்டம்) குறுக்கே ஒரு வாழை இலை சரிந்து கிடக்கிறது. இலைக்கு மேல் இரண்டு எழுத்தின் பாதிதான் வெளியே தெரிகிறது. ஆப் அந்த இலையையே அழித்துவிட்டு, அங்கே முழு எண்ணாக எழுதியிருக்கிறது.

செய்ய வேண்டியது: படத்தைச் சட்டத்திலிருந்து வெளியே எடுங்கள். கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், அப்படியே விட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். ஒட்டவில்லை என்றால் மேசை ஸ்கேனரில் 1200 டிபிஐ வைத்து, கலரிலேயே, எந்தத் திருத்தமும் இல்லாமல் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தை எதற்குக் கலரில் என்று கேட்பார்கள். பழுப்புக் கறையையும் மையையும் பிரித்துப் பார்க்க அதுதான் உதவும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கம் முக்கியம்.

ஷெட்டுக்காரர்

அம்மா, நான் 36 வருஷம் லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவன், இப்போ ஓய்வில் இருக்கேன். படத்தைப் பார்த்ததும் மனசு நிறைஞ்சுபோச்சு. இது ஆயுத பூஜைப் படம்.

ஸ்மோக்பாக்ஸ் கதவில, அதான் இன்ஜின் முகத்தில இருக்கிற வட்டக் கதவில, பெரிசா சந்தனம் பூசி நடுவில குங்குமப் பொட்டு இருக்கு பாருங்க. ரெண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருக்கு. கீழே தரையில பூசணிக்காய் உடைச்ச மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. ஷெட்டில அன்னைக்குத்தான் எல்லாரும் குளிச்சு, வெளுத்த சட்டை போட்டு, பிள்ளைகளையும் கூட்டிட்டு வருவாங்க. மத்த நாள்ல இத்தனை பேரை ஒண்ணா நிறுத்திப் படம் எடுக்க முடியாது, பாதிப் பேர் லைன்ல இருப்பாங்க. பொரி, கடலை, சுண்டல் குடுப்போம். ஸ்டுடியோக்காரர் வந்து மூணு கால் ஸ்டாண்டில கேமரா வெச்சு எடுப்பார். வேணுங்கிறவங்க பணம் குடுத்து ஒரு காப்பி வாங்கிக்குவாங்க.

இதனால ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். பூஜைக்கு நிறுத்துற இன்ஜின், அன்னைக்கு லைன்ல போகாம ஷெட்டில இருக்கிற இன்ஜின். பொதுவா பாய்லரைக் கழுவுற வாஷ்அவுட்டுக்கு வந்தது, இல்லைன்னா புதுசா பெயின்ட் அடிச்சு நல்லா இருக்கிறது. முன்னால நிக்கிறவர் அதை ஓட்டினவர்தான்னு சொல்ல முடியாது. உங்க தாத்தா நடுவில நிக்கிறார், அது அவருக்கு ஷெட்டில இருந்த மரியாதை.

மீட்டர்கேஜ் மதுரை

ஐயா சொன்னதற்குப் பிறகு படத்தை மறுபடி பார்த்தேன். எண்ணை விட்டுவிட்டு வேறு வழியில் போகலாம். இதை மற்றவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், இந்த இழைக்கு இன்னும் படங்கள் வரும் என்று நினைக்கிறேன்.

முதலில் பஃபரைப் பாருங்கள். இன்ஜினின் முன்பக்கம் நட்ட நடுவில் ஒரே ஒரு பஃபரும் கொக்கியும் இருந்தால் அது மீட்டர்கேஜ். இடதும் வலதும் இரண்டு வட்டத் தட்டுகள் இருந்தால் அது பிராட்கேஜ். முகம் தெரியாத அளவுக்கு மங்கிய படத்தில்கூட இது தெரியும். உங்கள் படத்தில் ஒன்றுதான் இருக்கிறது, அதற்கும் மாலை போட்டிருக்கிறார்கள். ஆக மீட்டர்கேஜ்.

அடுத்து சக்கரம். ஒய்பி என்பது 4-6-2: முன்னால் பக்கத்துக்கு இரண்டு சிறு சக்கரம், பிறகு மூன்று பெரிய சக்கரம், கேபினுக்கு அடியில் ஒரு சிறு சக்கரம். ஒய்ஜி என்பது 2-8-2: முன்னால் ஒன்று, நடுவில் நான்கு, பின்னால் ஒன்று. இது சரக்கு இன்ஜின். ஆட்கள் மறைத்து நிற்பதால் எண்ண முடியவில்லை என்றால் சிலிண்டரைப் பாருங்கள். ஒய்பியில் சிலிண்டருக்கு முன்னும் பின்னுமாக இரண்டு சிறு சக்கரம் தெரியும். ஒய்ஜியில் சிலிண்டருக்கு முன்பக்கம் ஒன்றுதான். உங்கள் படத்தில் சிலிண்டரை ஒட்டி இரண்டு பையன்கள் நிற்கிறார்கள். அவர்கள் கால்களுக்கு நடுவே ஒரு சிறு சக்கரம் மட்டும் தெரிகிற மாதிரி இருக்கிறது. மாதிரிதான், உறுதியில்லை.

இப்போது வலது ஓரத்தில் எண்ணெய்க் குவளையோடு நிற்பவரைப் பாருங்கள். அவர் பெரிய சக்கரத்துக்குப் பக்கத்திலேயே, அதே தரையில் நிற்கிறார். ஒய்பியின் பெரிய சக்கரத்துக்கு விட்டம் 54 அங்குலம். ஒய்ஜிக்கு 48. தண்டவாளத்தின் உயரம் ஐந்தாறு அங்குலம் சேர்த்துக்கொண்டால், ஐந்தரை அடி ஆளுக்கு ஒய்பி சக்கரத்தின் உச்சி வாய் உயரத்துக்கு வரும், ஒய்ஜி சக்கரம் தோளோடு நின்றுவிடும். இவருக்குத் தோளுக்கு வருகிறது. இவர் ஆறடி ஆளாக இருந்தால் இந்தக் கணக்கு தடுமாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வரிசையில் உள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர் உயரமானவராகத் தெரியவில்லை.

என் கணிப்பு, ஒய்ஜி.

பொன்மலைப் பேத்தி

பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். முகம் வாடிவிட்டது. "அப்போ அப்பா கூட்ஸ் வண்டிதான் ஓட்டினாராமா?" என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஷெட்டுக்காரர்

பெரியப்பாகிட்ட நான் சொன்னதா சொல்லுங்க அம்மா. கூட்ஸ் ஓட்டாம மெயில் டிரைவர் ஆனவர் ஒருத்தரும் கிடையாது. கிளீனர், அப்புறம் பயர்மேன், அப்புறம் ஷண்டர், அப்புறம் கூட்ஸ் டிரைவர், பாசஞ்சர் டிரைவர், கடைசியிலதான் மெயில். ஒவ்வொரு படிக்கும் பரீட்சை, கண் பார்வை டெஸ்ட், காலி இடம் வர்ற வரைக்கும் காத்திருப்பு. 1943-ல் கிளீனரா சேர்ந்தவர் மெயில் டிரைவரா ஓய்வு பெற்றார்னா ஒரு படியும் தவறாம ஏறி வந்திருக்கார்னு அர்த்தம்.

கூட்ஸ் ஓட்டுறது லேசுன்னு நினைக்க வேண்டாம். மெயிலுக்கு சிக்னல் எல்லாம் விழுந்து வழி விடும். கூட்ஸை ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் லூப்ல, அதாவது ஓரத் தடத்தில, போட்டு வெச்சுடுவாங்க. மணிக்கணக்கா நிக்கணும், ஆனா ஸ்டீம் இறங்கவும் விடக்கூடாது, சேஃப்டி வால்வு தூக்கி வீணாகவும் விடக்கூடாது. எட்டு மணி நேர ட்யூட்டின்னு கிளம்பி மறுநாள் வீட்டுக்கு வந்தவங்க உண்டு. லைன் பாக்ஸில அரிசி, பருப்பு, புளி எல்லாம் இருக்கும். ரன்னிங் ரூம்ல சமைச்சுச் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணசந்துட்டு, திரும்பக் கிளம்பணும். ஒய்ஜியைப் பாசஞ்சர் வண்டிக்கும் போடுவாங்க, அது வேற விஷயம்.

போட் மெயில் பத்தி பாட்டி சொன்னது பொய்யா இருக்காது. இந்தப் படத்துக்கு அப்புறம் ஓட்டியிருப்பார். சர்வீஸ் ரெஜிஸ்டர் நகலோ பென்ஷன் பேப்பரோ இருந்தா எடுத்துப் பாருங்க. எந்த தேதியில எந்த கிரேடுன்னு அதில இருக்கும்.

தலைமன்னார் துறை

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில. இந்த இழையை வாசிச்ச பிறகு அப்பப்பாவின்ர அல்பத்தைத் தேடி எடுத்தன். கடற்கரைத் துறையில கப்பல் நிக்குது, பக்கத்தில கோச்சி நிக்குது, அப்பப்பாவும் அப்பம்மாவும் பெட்டி படுக்கையோட நிக்கினம். பின்னால "இராமேஸ்வரம் யாத்திரை" எண்டு மட்டும் பேனையால எழுதியிருக்கு. எங்கட வீட்டில இது தனுஷ்கோடி எண்டுதான் இவ்வளவு காலமும் சொல்லிவந்தவை. ஆனா இன்ஜின்ர முன்பக்கத்தில ரெண்டு வட்டத் தட்டு இருக்கு. அப்ப இது தனுஷ்கோடி இல்லையோ?

மீட்டர்கேஜ் மதுரை

அருமையான படம். இல்லை, இது தலைமன்னார்.

அக்கரைக்கும் இக்கரைக்கும் கேஜ் வேறு. தனுஷ்கோடி வரை வந்தது மீட்டர்கேஜ். 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபோது போட்ட பாதை. இலங்கையின் பிரதான பாதைகள் எல்லாம் ஐந்தரை அடி பிராட்கேஜ், தலைமன்னார்ப் பாதையும் அப்படித்தான். அதனால் இரண்டு துறைகளிலும் எடுத்த படங்களைப் பிரிக்க பஃபர் ஒன்றே போதும்: நடுவில் ஒன்று என்றால் இந்தியப் பக்கம், இரண்டு என்றால் இலங்கைப் பக்கம். டெண்டரின் (இன்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் இருக்கும் வண்டி) பக்கவாட்டில் சி.ஜி.ஆர்., அதாவது சிலோன் கவர்ன்மென்ட் ரயில்வே, என்ற எழுத்து தெரிகிறதா பாருங்கள், தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

காலத்தைப் பொறுத்தவரை, தனுஷ்கோடிப் படமாக இருந்திருந்தால் 1964 டிசம்பர் 22 இரவுக்கு முந்தியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அந்தப் புயலில் ஊரும் போயிற்று, பாசஞ்சர் வண்டி ஒன்று ஆட்களோடு கடலில் போயிற்று. தலைமன்னாருக்கு அந்த எல்லைக்கோடு பொருந்தாது. புயலுக்குப் பிறகு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து 1984 வரை ஓடியது. அப்பம்மாவின் வயதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

தலைமன்னார் துறை

எழுத்து இருக்கு! கரி படிஞ்சு கிடக்கு, எண்டாலும் நடுவில "ஜி" தெரியுது. அப்ப இவை வெளிக்கிட்டுப் போகேக்க எடுத்த படம், அங்க போய் இறங்கி எடுத்ததில்லை. அப்பம்மாவின்ர சீலை கசங்காமல் இருக்கிறது ஏன் எண்டு இப்ப விளங்குது. அப்பாவுக்கு இண்டைக்கே சொல்லுவன்.

குன்னூர்க்காரி

என்னிடம் இருப்பது அம்மா அப்பாவின் கல்யாணமான புதிதில் எடுத்த ஊட்டிப் படம். இன்ஜின் பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கிறது. "ரயிலுக்கு முன்னாடி நின்னு எடுத்தோம்" என்று அம்மா சொல்வார், எனக்கு அது எப்படி என்று புரியவே இல்லை. பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கிறது. எண் முழுதாகத் தெரிகிறது, 37386.

மீட்டர்கேஜ் மதுரை

அம்மா சொல்வது சரி. மலை ஏறும்போது இன்ஜின் கீழ்ப்பக்கம் இருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும், அதனால் வண்டியின் "முன்" என்பது கடைசிப் பெட்டி மாதிரித் தெரியும். இது எக்ஸ் வகுப்பு, சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்து ஆலையில் செய்தது. பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும். ஒரு ஜோடி சாதாரணச் சக்கரத்துக்கு, இன்னொரு ஜோடி பல்சக்கரத்துக்கு. இந்தியாவில் பல்சக்கரப் பாதை இது ஒன்றுதான் என்பதால் குழப்பமே இல்லை.

தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வெட்டிய பட்டை தெரிந்தால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் எடுத்தது. பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது என்கிறீர்கள், ஹில்குரோ ஸ்டேஷனாக இருக்கலாம், அங்கே தண்ணீர் பிடிக்க நிறுத்துவார்கள். ஐந்து இலக்க எண் 1950-களின் இறுதியில் அகில இந்திய வரிசை வந்தபோது பழைய இன்ஜின்களுக்குக் கொடுத்தது. எனவே படம் அதற்குப் பிந்தியது. அம்மாவின் கல்யாணத் தேதி உங்களிடமே இருக்கும்.

சேலம் ஜங்ஷன்

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் சித்தப்பா ஒரு பெரிய இன்ஜினுக்கு முன்னால் நிற்கிறார். முன்பக்கம் கூம்பு மாதிரி, நடுவில் நட்சத்திரம். எண் எழுத்துகளே படிக்கிற மாதிரி இல்லை, ஏதோ வேற்று மொழி போல இருக்கிறது.

நெகடிவ் பெட்டி

நட்சத்திரம் வைத்த கூம்பு என்றால் டபிள்யூபி, பிராட்கேஜ் எக்ஸ்பிரஸ் இன்ஜின், எண் 7000-லிருந்து 7754-க்குள் இருக்கும். எழுத்து படிக்க வராததற்குக் காரணம், நெகடிவைத் திருப்பி வைத்து பிரிண்ட் போட்டுவிட்டார்கள். உங்கள் சித்தப்பாவின் சட்டைப்பை வலது மார்பில் இருக்கிறது பாருங்கள். பக்கத்தில் நிற்கும் அம்மாவின் முந்தானையும் வலது தோளில் விழுகிறது. எந்தப் படம் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான். கணினியில் இடவலமாகத் திருப்பிப் பாருங்கள், எண் தானாக வந்துவிடும்.

சேலம் ஜங்ஷன்

வந்துவிட்டது. 72-ல் தொடங்குகிறது. நன்றி!

பொன்மலைப் பேத்தி

சட்டத்தைக் கழற்றினேன். கண்ணாடியில் ஒட்டவில்லை. ஆனால் படத்தைச் சுற்றி வைத்திருந்த அட்டை நான்கு பக்கமும் முக்கால் அங்குலம் போல மறைத்திருக்கிறது. அது எங்களுக்கு இத்தனை காலமும் தெரியாது. சொன்ன மாதிரியே ஸ்கேன் செய்து போட்டிருக்கிறேன். பின்பக்கத்தில் ஸ்டுடியோ முத்திரை பாதி அழிந்திருக்கிறது. அதோடு தாளிலேயே சாய்வாக "இந்து" என்று ஆங்கில எழுத்தில் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கிறது. இடது ஓரத்தில், அட்டை மறைத்திருந்த இடத்தில், இன்னொரு தண்டவாளத்தில் ஒரு வேகனின் மூலை தெரிகிறது.

நெகடிவ் பெட்டி

"இந்து" என்பது ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் வணிகப் பெயர். அங்கே உற்பத்தி தொடங்கியது 1967-ல். எனவே இந்தப் பிரிண்ட் 1967-க்கு முன் போட்டிருக்க முடியாது. ஒரு எச்சரிக்கை: பழைய நெகடிவிலிருந்து பிறகும் பிரிண்ட் போடலாம், ஒரு பிரிண்டையே கேமராவில் எடுத்து மறுபிரதியும் போடலாம். மறுபிரதி என்றால் நிழல்கள் எல்லாம் கரியாக அடைத்துப்போய், வெள்ளைச் சட்டையில் மடிப்புகள் காணாமல் போயிருக்கும். இதில் தாத்தாவின் சட்டை மடிப்பு, பித்தான் எல்லாம் தனித்தனியாகத் தெரிகிறது. என் பார்வையில் இது நேராக நெகடிவிலிருந்து வந்தது.

வாழை இலைக்கு மேல் தெரிகிற இரண்டு இலக்கத்தை வெளிச்சம் மாற்றிப் பார்த்தேன். முதலாவது 3. இரண்டாவது 4 என்றுதான் நினைக்கிறேன், கீழ்ப்பாதி இலைக்குள் போகிறது.

மீட்டர்கேஜ் மதுரை

3-லோ 4-லோ தொடங்கும் நான்கு இலக்கம் ஒய்ஜி வரிசை. ஒய்பி 2-ல் தொடங்கும். சக்கரக் கணக்கும் எண்ணும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. புதிய ஸ்கேனில் பையன்கள் கால்களுக்கு நடுவே சிறு சக்கரம் ஒன்றுதான், இனிச் சந்தேகம் வேண்டாம்.

பெரியப்பா சொல்லும் வெள்ளைக்காரன் காலத்தை நான் எடுத்ததுமே தள்ளிவிடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவிலிருந்து மீட்டர்கேஜுக்கு 2-8-2 இன்ஜின்கள் வந்தன, மெக்ஆர்தர் என்பார்கள். சக்கர அமைப்பை மட்டும் வைத்தால் அதுவும் பொருந்தும். அதனால்தான் தேதிக்கு வேறு சான்று வேண்டும் என்று காத்திருந்தேன். அந்த வேகன் மூலையை எல்லாரும் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளைப் பெயின்டில் சிறு எழுத்து இருக்கிறது.

ஷெட்டுக்காரர்

அது பி.ஓ.எச். தேதி. வேகனை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய் முழுசாப் பிரிச்சுப் பார்த்து அனுப்பும்போது, எந்த ஒர்க்‌ஷாப், என்னிக்குன்னு ஸ்டென்சில் வெச்சு எழுதுவாங்க. ஜி.ஓ.சி.ன்னா பொன்மலை. அடுத்தது எனக்கு 4-67ன்னு தெரியுது. மருமகளையும் பார்க்கச் சொன்னேன், அவளும் 67ன்னுதான் சொல்றா.

பழைய ரயில் படம் யார்கிட்ட இருந்தாலும் சொல்றேன், இன்ஜினையே பார்த்துக்கிட்டு இருக்காதீங்க. இன்ஜினுக்குத் தேதி கிடையாது, இருபது முப்பது வருஷம் அப்படியேதான் இருக்கும். டெண்டரைக்கூட நம்பக்கூடாது, ஒர்க்‌ஷாப் போயிட்டு வரும்போது ஒண்ணோட டெண்டர் இன்னொண்ணுக்கு வந்துடும். பின்னால நிக்கிற வேகன்லயும் பெட்டியிலயும்தான் தேதி எழுதியிருக்கும்.

நெகடிவ் பெட்டி

4-67 என்பதை நானும் உறுதி செய்கிறேன். அப்படியானால் படம் 1967 ஏப்ரலுக்குப் பிறகு வந்த ஏதோ ஒரு ஆயுத பூஜை.

பொன்மலைப் பேத்தி

நேற்று இரவு அத்தை வீட்டுக்கு லேப்டாப்போடு போனேன். சட்டத்துக்குள் இருந்தபோது முன்வரிசைப் பிள்ளைகள் எல்லாம் ஒரே இருட்டாக இருப்பார்கள், யாரென்று யாரும் கவனித்ததில்லை. ஸ்கேனில் ஒவ்வொரு முகமாக நகர்த்திக்கொண்டு வந்தேன். இடமிருந்து நான்காவதாக, பாவாடை சட்டையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் சிறுமியிடம் வந்ததும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிள்ளையின் நெற்றியில் இடப் புருவத்துக்கு மேல் துணிக்கட்டு இருக்கிறது. அத்தைக்கு அதே இடத்தில் இப்போதும் தழும்பு இருக்கிறது. காலனிக் குழாயடியில் வழுக்கி விழுந்ததாம். நாலாம் வகுப்பு படிக்கும்போது. கட்டோடு படத்தில் நிற்க மாட்டேன் என்று அழுததும், தாத்தா தூக்கிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காரவைத்து மடியில் பொரிப் பொட்டலத்தைக் கொடுத்ததும் அத்தைக்கு நன்றாக நினைவிருக்கிறது. படத்தில் மடியில் ஒரு காகிதப் பொட்டலம் இருக்கிறது.

அத்தை பிறந்தது 1958. நாலாம் வகுப்பு என்றால் 1967.

பெரியப்பாவிடமும் சொன்னேன். அவர் அந்த வருஷம் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாராம், அதனால்தான் படம் எடுத்தது அவருக்குத் தெரியவில்லை. ஷெட்டுக்காரர் ஐயா எழுதியதை இரண்டு தரம் படிக்கச் சொன்னார். பிறகு அலமாரியிலிருந்து பென்ஷன் பேப்பர் கட்டை எடுத்துக் கொடுத்தார். அதோடு சர்வீஸ் ரெஜிஸ்டரின் நகலும் சில பக்கம் இருந்தது. 1967-ல் தாத்தா கூட்ஸ் டிரைவர். மெயில் டிரைவர் ஆனது 1975-ல்.

ஷெட்டுக்காரர்

ரொம்ப சந்தோஷம் அம்மா. பெரியப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க.

சேலம் ஜங்ஷன்

இந்த இன்ஜின் இப்போது எங்கேயாவது இருக்குமா?

மீட்டர்கேஜ் மதுரை

நம்பிக்கை கொடுக்க மனமில்லை. ஒய்ஜி மொத்தம் 1,074 இன்ஜின்கள் கட்டினார்கள், கடைசி இன்ஜின் 3573, சித்தரஞ்சனில் 1972-ல் முடித்தது. அவற்றில் அருங்காட்சியகங்களிலும் ஸ்டேஷன் வாசல்களிலும் நிற்பவை மிகக் கொஞ்சம். மற்றதெல்லாம் இரும்பு விலைக்குப் போய்விட்டன. ஸ்டேஷன் வாசலில் ஒரு ஒய்ஜி நின்றால் அதே வகுப்பு என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம். தாத்தாவின் இன்ஜின் என்று சொல்ல, கடைசி இரண்டு இலக்கம் வேண்டும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. படத்தில் பெரியவர்கள் மட்டும் 19 பேர். ஐயா சொன்ன மாதிரி ஆளுக்கொரு காப்பி வாங்கியிருப்பார்கள். ஸ்டுடியோக்காரர்கள் இந்த மாதிரிக் கூட்டப் படத்துக்கு ஒன்றுக்கு இரண்டு பிளேட்டாவது (நெகடிவ்) எடுப்பார்கள், யாராவது கண்ணை மூடியிருந்தால் என்று. அடுத்த பிளேட்டில் காற்றுக்கு அந்த இலை கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் போதும்.

பொன்மலைப் பேத்தி

அப்படியானால் இங்கேயே கேட்டுவிடுகிறேன். 1967-ல் பொன்மலைக் காலனியில் குடியிருந்த லோகோ குடும்பங்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டிலும் ஆயுத பூஜைப் படம் ஒன்று இருந்தால், தயவுசெய்து பாருங்கள். அடையாளம்: ஸ்மோக்பாக்ஸ் கதவில் பெரிய பொட்டு, வலது ஓரத்தில் எண்ணெய்க் குவளையோடு ஒருவர், முன்வரிசையில் நெற்றிக் கட்டோடு ஒரு சிறுமி. மற்றவர்களின் பெயர்களும் வேண்டும். அத்தைக்கு ஐந்து பேரைத்தான் அடையாளம் தெரிகிறது. அந்தப் பெயர்களை வரிசை எண் போட்டுத் தனித்தாளில் எழுதிப் படத்தோடு வைத்திருக்கிறேன்.

நெகடிவ் பெட்டி

தனித்தாளில் எழுதியது நல்லது, படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் யாரும் எழுதாதீர்கள், முன்பக்கம் புடைத்துக்கொண்டு வரும். எழுதியே ஆக வேண்டும் என்றால் மெல்லிய பென்சிலால், ஓரத்தில். இன்னொரு காப்பி யாரிடமாவது கிடைத்தால் மொபைலில் படம் பிடித்து அனுப்பாமல் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். பஃபர் பீம் இருக்கும் பகுதியை மட்டும் 2400 டிபிஐயில் தனியாக எடுத்தால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.